27 அங்குல இடத்துக்கு ஒரு ஃபிரிட்ஜ்

கிருஷ்ணகிரியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சமையலறை 8 அடி நீளமும் 7 அடி அகலமும் கொண்டது. ஒரு பக்கம் முழுவதும் கிரானைட் மேடை. எதிர்ப்பக்கத்தில் கிரைண்டர், தண்ணீர்க் குடங்கள், அரிசி டிரம் ஆகியவை போக, வலப்பக்கச் சுவரை ஒட்டி மிஞ்சுவது 27 அங்குல அகலம். பழைய ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் ஓய்ந்து, புதியது வாங்கியே ஆக வேண்டும் என்றானபோது, கடைக்குப் புறப்படும் முன் அந்த இடத்தை டேப்பால் அளந்தேன்; எங்கள் வீட்டில் உண்மையாகவே குளிர் தேவைப்படும் பொருள்கள் எவை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். எத்தனை லிட்டர் வேண்டும் என்ற கேள்வியிலேயே தொடங்குகிறவர்கள் இடத்துக்கு மீறிய பெட்டியோடு வீடு திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். தக்காளியும் மாங்காயும் புளியும் கேழ்வரகும் புழங்கும் நம் பக்கத்துச் சமையலில் குளிரை விரும்பாத பொருள்களே அதிகம். ஆகவே நால்வர் உள்ள வீட்டுக்கு 190 லிட்டர் அளவிலான ஒற்றைக் கதவுப் பெட்டி தாராளம் என்பது என் உறுதியான கருத்து.

அளவு என்றால் பெட்டியின் அகலம் மட்டும் போதாது. இந்தக் கொள்ளளவில் கிடைக்கும் ஒற்றைக் கதவுப் பெட்டிகள் ஏறத்தாழ 53 முதல் 56 செ.மீ. அகலம் இருக்கும், அதாவது 21, 22 அங்குலம். பழைய மாடல்களில் வெப்பத்தை வெளியேற்றும் கம்பிச் சுருள் பின்புறத்தில் வெளியே தெரியும்படி இருந்தது. இப்போது வரும் பெரும்பாலான பெட்டிகளில் அந்தக் குழாய்கள் பக்கச் சுவர்களின் தகட்டுக்குள் மறைந்திருக்கின்றன. புதுப் பெட்டியின் பக்கவாட்டைத் தொட்டுச் சூடாக இருக்கிறதே என்று அஞ்சுகிறவர்கள் இதை அறிந்துகொண்டால் போதும். உள்ளிருந்து எடுத்த சூடுதான் அங்கே வெளியேறுகிறது. அதனால்தான் இரு பக்கமும் பின்னாலும் காற்றோட்டத்துக்கு இடைவெளி விட வேண்டியிருக்கிறது; எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும். பெட்டியைச் சுவருக்கும் கிரைண்டருக்கும் இடையில் இறுக்கிச் செருகினால் கம்ப்ரசர் ஓயாமல் ஓடும்.

கதவின் கீல் எந்தப் பக்கம் என்பதையும் பார்க்க வேண்டும். கீல் வலப்பக்கம் இருந்து, அதை ஒட்டியே சுவரும் இருந்தால், கதவின் தடிமன் சுவரில் இடித்து 90 பாகைக்கு மேல் திறக்காது; திறக்காவிட்டால் கீழே உள்ள காய்கறித் தட்டை வெளியே இழுக்க முடியாது. எங்கள் இடத்தில் வலப்பக்கம் 4 அங்குலமும் இடப்பக்கம் 2 அங்குலமும் விட்டு நிறுத்தியிருக்கிறோம். முன்னால் கதவு முழுதாகத் திறந்த பிறகும் மேடைக்கும் கதவுக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகலாம். சமையலறை வாசலின் அகலத்தையும் அளந்துகொள்வது நல்லது.

கடையில் என்னைக் கவனித்த தம்பி, “அக்கா, இன்னும் கொஞ்சம் போட்டீங்கன்னா டபுள் டோரே வந்துடும்” என்று பலமுறை சொன்னார். அவர் தொழில் அது. ஆனால் இரட்டைக் கதவு மாடல்கள் பொதுவாக ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகை. உள்ளே ஒரு மின்விசிறி குளிர்காற்றைச் சுழற்றும், அவ்வப்போது ஒரு ஹீட்டர் தானாகப் பனியை உருக்கும். பனிக்கட்டியைச் சுரண்டும் வேலை இல்லை என்பது பெரிய வசதிதான். அதற்கு ஈடாக உயரமும் விலையும் கூடுகின்றன, ஒரே அளவுப் பெட்டிகளை ஒப்பிட்டால் மின்செலவும் பொதுவாகக் கூடுகிறது, சுழலும் காற்றில் மூடாமல் வைத்த கீரையும் கொத்தமல்லியும் விரைவில் ஈரம் இழக்கின்றன. டைரக்ட் கூல் எனப்படும் ஒற்றைக் கதவு வகையில் மின்விசிறி இல்லை. மேலே உள்ள ஃப்ரீசரில் குளிர்ந்த காற்று கனத்துத் தானாகக் கீழே இறங்குகிறது. சிறிய சமையலறைக்கும், இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை காய் வாங்கும் பழக்கத்துக்கும் இதுவே பொருந்தும் என்று அதையே தேர்ந்தெடுத்தேன்.

நட்சத்திரக் குறியீட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் (BEE) 2006-இல் தொடங்கிய இந்த முத்திரையில் எல்லாரும் நட்சத்திரங்களை மட்டும் எண்ணுகிறார்கள். அதைவிடப் பயனுள்ளவை அதே ஸ்டிக்கரில் இருக்கும் வேறு இரண்டு விவரங்கள்: ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்ற எண்ணும், அந்த முத்திரை எந்தக் காலத்துக்குரியது என்ற குறிப்பும். தரவரிசை அளவுகோல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கடுமையாக்கப்படுவதால், பழைய இருப்பிலுள்ள 5 நட்சத்திரமும் புதிய 5 நட்சத்திரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்கணக்கு எடுப்பதால், ஆண்டு யூனிட்டை ஆறால் வகுத்துப் பார்த்தால் போதும். 180 யூனிட் என்று போட்டிருந்தால் ஒரு கணக்கீட்டுக்கு 30 யூனிட். முதல் 100 யூனிட் இலவசம் என்ற நிலையில் இது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப் படிகளில் உள்ள யூனிட்டுகளின் விலையும் உயர்ந்துவிடும். கோடையில் அந்த எல்லையைத் தொடும் வீடுகளுக்கு 20 யூனிட் மிச்சமாவதும் பெரிய விஷயம். எங்கள் வீடு அந்த வகை என்பதால் இன்வெர்ட்டர் கம்ப்ரசர் உள்ளதை எடுத்தேன். பழைய வகைக் கம்ப்ரசர் முழு வேகத்தில் ஓடும், பிறகு நிற்கும். இது தேவைக்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சத்தமும் குறைவு. எங்கள் வீட்டில் சமையலறைக்கு அடுத்து உடனே படுக்கை அறை என்பதால் இதையும் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

முத்திரையில் உள்ள யூனிட் ஆய்வகத்தில் அளந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்தினால் அது வீட்டில் மெய்யாகாது. மேடையின் ஒரு கோடியில் அடுப்பும் எதிர்மூலையில் பெட்டியுமாக வைத்ததற்கு அதுவே காரணம்.

பெட்டிக்குள் ஓடும் வாயுவைப் பற்றி அத்தை கவலைப்பட்டார். முற்காலத்தில் பயன்பட்ட ஆர்-12 ஓசோன் படலத்தைக் கெடுத்ததால் 1987-இல் கையெழுத்தான மான்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு கைவிடப்பட்டது. அடுத்து வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடவில்லை என்றாலும் புவியை மிகவும் சூடாக்கக்கூடியது. இப்போது வீட்டுப் பெட்டிகளில் இருப்பது ஆர்-600ஏ எனப்படும் ஐசோபியூட்டேன். அது எரியும் வாயுதான். ஆனால் ஒரு சிறிய பெட்டிக்குள் இருப்பது சில பத்து கிராம் மட்டுமே. அதே சமையலறையில் நாம் 14.2 கிலோ எரிவாயுச் சிலிண்டரோடு வாழ்கிறோம் என்று எடுத்துச் சொன்னதும் அவர் சமாதானமானார். எர்த் இணைப்புள்ள மூன்று முனைப் பிளக்கில் நேரடியாகச் சொருகுவதும், வாயு ஓடும் குழாய்களைத் துளைக்காமல் பார்த்துக்கொள்வதும் நம் கடமை.

அத்தைக்கு இன்சுலின் உண்டு. எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜின் முதல் கடமை பாலோ தயிரோ இல்லை, அந்த மருந்துதான். பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். உறைந்துவிட்டால் உருகிய பிறகும் அதைப் பயன்படுத்தக் கூடாது. டைரக்ட் கூல் பெட்டியில் ஃப்ரீசருக்கு நேர் கீழே உள்ள சில்லர் தட்டில் வைத்தால் உறையும் ஆபத்து உண்டு. கதவிலோ திறக்கும்போதெல்லாம் வெப்பம் ஏறி இறங்கும். நடுத்தட்டில், பின்சுவரைத் தொடாமல், ஒரு மூடியிட்ட டப்பாவில் வைத்திருக்கிறோம். குளிரைக் கூட்டிக் குறைக்கும் குமிழில் உள்ள எண்கள் டிகிரி அல்ல; எண் கூடக் கூடக் குளிர் கூடும் என்பது மட்டுமே பொருள். ஆகவே சிறிய வெப்பமானி ஒன்றை வாங்கி, ஒரு டம்ளர் தண்ணீரில் இட்டு நடுத்தட்டில் இரவு முழுக்க வைத்துப் பார்த்தோம். 4 டிகிரிக்கு அருகில் நிற்கும்படி குமிழைத் திருப்பினோம். கோடைக்கு ஓர் எண், நம் ஊரின் மார்கழிக் குளிருக்கு அதைவிடக் குறைந்த எண் என்று மாற்றிக்கொள்கிறோம்.

மற்ற இடங்களைப் பங்கிட்டது எளிதாகவே இருந்தது. புளித்த இட்லி மாவுக்கு இரண்டு உயரமான தூக்குகள், முக்கால் பங்குக்கு மேல் நிரப்புவதில்லை. பாலும் தயிரும் தேங்காய் மூடியும் மேல்தட்டில். காம்பு கிள்ளிய பச்சை மிளகாய், துணியில் சுற்றிய கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் காய்கறித் தட்டில். “பூவுக்கு ஒரு எடம் விடும்மா” என்று அத்தை கேட்டதால் மல்லிகைச் சரத்துக்கும் ஒரு கிண்ணம் உண்டு. மீந்த களி உருண்டை எப்போதும் போல் தண்ணீரில் ஊறிக் காலையில் கூழாகிறது. அதற்கு ஃபிரிட்ஜ் வேண்டாம்.

வெளியில் இருப்பவற்றின் பட்டியல் நீளம். ராயக்கோட்டை, பாலக்கோடு சந்தைகளிலிருந்து வரும் தக்காளியை ஃபிரிட்ஜில் வைப்பதால் அதன் மணம் போகிறது. ஏறத்தாழ 12 டிகிரிக்குக் கீழே அந்த மணத்தைத் தரும் பொருள்கள் உண்டாவது தடைபடுகிறது. செங்காயாக வரும் தக்காளியைக் கூடையில் காம்புப்பக்கம் கீழாக அடுக்கி, பழுத்ததை முதலில் எடுக்கிறேன். மாங்காய்க்கும் இதே கதி. நம் மாவட்டத்து பெங்களூராவோ செந்தூராவோ அல்போன்சாவோ, பழுக்கும் முன் குளிரில் வைத்தால் தோல் கறுத்து, உள்ளே சீராகப் பழுக்காமல் போகும். வைக்கோலிலோ அரிசி டிரம்மிலோ பழுக்க விட்டு, பழுத்த பிறகு இரண்டொரு நாளைக்கு மட்டும் உள்ளே வைக்கலாம். அப்போதும் கீரைக்கு அருகில் வேண்டாம். பழம் வெளியிடும் எத்திலீன் என்னும் வாயு இலைகளை மஞ்சளாக்கிவிடும். உருளைக்கிழங்கில் குளிர் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். வெங்காயம் ஈரத்தில் அழுகும். இவ்விரண்டுக்கும் ஃபிரிட்ஜ் ஸ்டாண்டின் இழுப்பறை போதும். ஆண்டுக்கு வாங்கும் புளி உப்புப் போட்டு ஜாடியில் இருக்கிறது.

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாள்களில் கதவைத் திறக்காமல் இருந்தால் உள்ளே ஏறத்தாழ 4 மணி நேரம் குளிர் நிற்கும். முன்தினமே இரண்டு பாட்டில் தண்ணீரை ஃப்ரீசரில் உறைய வைத்து, காலையில் இன்சுலின் டப்பாவைத் தொடாதபடி நடுத்தட்டில் இறக்கிவிடுகிறேன்.

ஃப்ரீசரில் பனி அரை செ.மீ. தடித்தால் டிஃப்ராஸ்ட் பட்டனை அழுத்திவிடுவேன். அந்தப் பனியே ஒரு கம்பளிபோல் குளிரைத் தடுப்பதால் தாமதித்தால் மின்சாரம் வீணாகும். கத்தியால் குத்திப் பெயர்ப்பது கூடவே கூடாது; அந்தத் தகட்டுக்குள்தான் வாயுக் குழாய் ஓடுகிறது, ஒரு துளை விழுந்தாலும் பெட்டி முடங்கும். உருகிய நீர் பின்புறம் கம்ப்ரசருக்கு மேலுள்ள தட்டில் சேரும். பார்வைக்கு மறைந்த அந்த நீர், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவதற்கு ஏற்ற இடம். கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீட்டுக்கு வந்தால் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்த கையோடு ஃபிரிட்ஜின் பின்னாலும் டார்ச் அடித்துப் பார்ப்பது இதனால்தான். முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும் என்பதால் வாரத்துக்கு ஒருமுறை, பெட்டியை அணைத்துவிட்டு, அந்தத் தட்டைத் துடைத்துத் தேய்த்துக் காயவிடுகிறோம். பின்னால் விட்ட இடைவெளியில் கை நுழைவதால் அந்த வேலையும் சிரமமில்லாமல் முடிகிறது.