எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்

பிப்ரவரி 3, 2025, திங்கள்

சுகர் டெஸ்ட் ரிசல்ட் வந்துவிட்டது. வெறும் வயிற்றில் 112. மூணு மாசச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.1. டாக்டரம்மா தாளைப் பார்த்ததும் "பார்டர்ல நிக்கிறீங்க" என்றார். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, மூணு மாசச் சராசரி 5.7 முதல் 6.4 வரை என்றால் ப்ரீ டயாபடீஸ், சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. சராசரி 6.5 ஆகிவிட்டால் அது சர்க்கரை நோய்.

"மாத்திரை இப்போ வேணாம். சாப்பாட்டையும் நடையையும் சரி பண்ணுங்க, எடையில நாலு கிலோ இறக்குங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடி பார்க்கலாம்." என் எடை 68. ஏன் மூணு மாசம், அடுத்த மாசமே பார்க்கக் கூடாதா என்று கேட்டேன். ரத்தச் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைத்தான் இந்த டெஸ்ட் அளக்கிறது, பழைய அணுக்கள் போய்ப் புதியவை வந்தால்தான் மாற்றம் தெரியும் என்று விளக்கினார். ரத்த சோகையும் இருக்கிறதா பார்த்துவிடலாம், இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு இந்த எண் கூடுதலாகக் காட்டும் என்றார். பார்த்ததில் ரத்த சோகை இல்லை.

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து வீடு வரும்வரை அம்மா நினைவுதான். அம்மாவுக்குச் சுகர் என்று தெரிந்தபோதே கால் விரலில் புண் ஆறாமல் இருந்தது. எனக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. இதை விடப்போவதில்லை.

பிப்ரவரி 5

டயட் சார்ட் ஒன்று கொடுத்தார்கள். காலை இது, மதியம் இது என்று நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வீட்டில் பெண் எப்போது சாப்பிடுகிறாள், யாருக்குப் பிறகு சாப்பிடுகிறாள் என்பதற்கு அந்தத் தாளில் இடம் இல்லை.

நேற்று ராத்திரி என் தட்டைக் கவனித்தேன். அத்தை, அவர், பாப்பா மூவரும் சாப்பிட்டு எழுந்தபோது மணி ஒன்பதரை. மத்திக் குழம்பில் துண்டெல்லாம் தீர்ந்து, சாறும் நாலு தக்காளித் தோலும் மிச்சம். அவரைக்காய்ப் பொரியல் சட்டி வழித்தாகிவிட்டது. சோறு மட்டும் இரண்டு கரண்டிக்கு மேல் கிடந்தது. வீணாக்கக் கூடாது என்று அத்தனையும் என் தட்டுக்கு வந்தது. காயில்லை, மீனில்லை. சோறும் குழம்பும் மட்டும், அதுவும் படுக்கப் போகும் நேரத்தில். எங்கள் தெருவில் எத்தனை வீட்டில் இதே கதை என்று எண்ணிப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. வீட்டிலேயே மாவுச்சத்து அதிகம், புரதம் குறைவு என்று ஒரு தட்டு இருந்தால் அது சமைத்தவளின் தட்டுதான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

அவரிடம் உட்கார்ந்து பேசினேன். எனக்கென்று தனிச் சமையல் வேண்டாம், அது பத்து நாள்கூட நிற்காது. வீட்டுக்கே ஒரே உலை, ஒரே குழம்பு, எல்லோரும் ஏழரைக்கு ஒன்றாக உட்காருவது. இதுதான் நான் கேட்டது. "சரி, பரிமாறுறதை நான் பார்த்துக்கறேன்" என்றார். மீன் துண்டை எண்ணி நாலு தட்டிலும் அவரே வைத்தார். இந்த ஒரு காரியம் எந்த மருந்துக்கும் குறைந்ததில்லை.

அத்தைக்குத்தான் ஒப்பவில்லை. "சோறு தின்னாம உடம்பு என்னாத்துக்கு ஆவும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சோற்றை விடவில்லை அத்தை, முதலில் காய், பிறகு மீன், கடைசியில் ஒரு கரண்டி சோறு என்றேன். காயும் புரதமும் முன்னால் போனால் பின்னால் வரும் மாவுச்சத்து மெதுவாகத்தான் ரத்தத்தில் ஏறும். அத்தை பதில் சொல்லவில்லை. ஆனால் இன்று முருங்கைக்கீரையை அவரே ஆய்ந்து கொடுத்தார்.

மார்ச் 2, ஞாயிறு

தம்பி குளுக்கோமீட்டர் வாங்கித் தந்தான். ஸ்ட்ரிப் விலை கொஞ்சமில்லை. அதனால் எதைச் சோதிக்க வேண்டும் என்று யோசித்துத்தான் குத்துகிறேன். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தவை:

நாலு இட்லி, தேங்காய்ச் சட்னி: 158.
இரண்டு இட்லி, காய் நிறைந்த சாம்பார் ஒரு கிண்ணம், ஒரு முட்டை: 129.
கேழ்வரகுக் கஞ்சி, பெரிய டம்ளர்: 164.

கடைசி எண்ணைப் பார்த்துவிட்டு மறுபடியும் கையைக் கழுவிக் குத்தினேன், பெரிய வித்தியாசம் இல்லை. சிறுதானியம் என்றாலே சுகர் ஏறாது என்று சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கேழ்வரகும் மாவுச்சத்துதான். நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் சீக்கிரம் ஏறும். அதே மாவில் முருங்கைக்கீரை, வெங்காயம் போட்டு அடை தட்டி, கூடவே சுண்டல் வைத்துச் சாப்பிட்ட அன்று 134. என் உடம்புக்கு இப்படி, இன்னொருவருக்கு வேறாக இருக்கலாம்.

டீக்கு வெல்லம் போட்டால் ஒன்றும் செய்யாது என்று கூறுபவர்களும் உண்டு. நெல்லிக்குப்பம் ஆலைச் சர்க்கரை ஆனாலும், நாட்டுச் சர்க்கரை ஆனாலும், கருப்பட்டி ஆனாலும் ரத்தத்துக்குப் பெரிய வேறுபாடு தெரியாது. நான் டீயில் எதுவும் போடுவதில்லை. நாக்கு பழகிவிட்டது.

மார்ச் 12, மாசி மகம்

தேவனாம்பட்டினம் கடற்கரையில் கால் வைக்க இடமில்லை. சுற்றுவட்டாரச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்திருந்தன. வெயில் கொளுத்தியது. பிரசாதமாகச் சர்க்கரைப் பொங்கல். ஒரு கை வாங்கிச் சாப்பிட்டேன், சாமி பிரசாதத்தை மறுக்க நான் தயாரில்லை. பிறகு மணலில் அக்காவோடு நன்றாக நடந்தேன்.

பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றி எழுதியாக வேண்டும். அவருக்குப் பல வருஷமாகச் சுகர், மாத்திரையில் இருக்கிறார். ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவியதும் வாசலில் நின்று "வாம்மா" என்று குரல் கொடுப்பார். கால் மணி நேரம் தெருவில் நடப்போம். தசை வேலை செய்யும்போது, இன்சுலினுக்குக் காத்திராமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், அதனால் சாப்பிட்ட உடனே நடப்பதற்குத் தனிப் பலன். தனியாக என்றால் பாதி நாள் போயிருக்க மாட்டேன். அவர் கூப்பிடுகிறார், போகிறேன்.

மார்ச் 27

புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து நாத்தனார் போன். அவருக்கும் பார்டர். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வில் சர்க்கரை நோய் மிகுந்த இடங்களில் கோவாவுக்கு அடுத்து புதுச்சேரி, 26.3 சதவீதம். பயந்து போயிருந்தார். நான் அவரிடம் இன்னொரு கணக்கைச் சொன்னேன். சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு இந்த நிலையில் இருந்த 531 பேரை மூன்று வருஷம் தொடர்ந்து பார்த்து 2006-இல் வெளியிட்டது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. சாப்பாடு, நடை இரண்டையும் விடாமல் கூட இருந்து வழிநடத்தப்பட்டவர்களில் 39.3. மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை மட்டும் எடுத்தவர்களிலும் ஏறக்குறைய அதே அளவுதான். அதாவது நம் தட்டுக்கும் காலுக்கும் மாத்திரைக்கு இணையான வேலை செய்யத் தெரியும். ஆனால் "கூட இருந்து" என்பதை விட்டுவிட்டுப் படிக்கக் கூடாது அண்ணி என்றேன். அன்று சாயங்காலமே அண்ணன் அவரை பீச் ரோட்டுக்கு அழைத்துப் போனாராம். ஆறு மணிக்கு மேல் அங்கே வண்டி விடமாட்டார்கள், நிம்மதியாக நடக்கலாம்.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி, வேப்பம்பூ ரசம், வடை, பாயசம். பாயசம் அரை கிண்ணம், சாப்பாட்டோடு சேர்த்து. பாப்பா பரிமாறினாள். அத்தை தன் தட்டிலும் காயை முதலில் காலி செய்ததைப் பார்த்தேன். கேட்கவில்லை.

மே 8, வியாழன்

வெறும் வயிற்றில் 101. எச்பிஏ1சி 5.8. எடை 64.5.

டாக்டரம்மா சிரித்தார். இன்னும் ப்ரீ டயாபடீஸ் கோட்டுக்குள்தான் இருக்கிறேன், 5.7-க்குக் கீழே இறங்கவில்லை. இறங்கினாலும் நின்றுவிடக் கூடாது, பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் எண்ணும் திரும்பும் என்றார். ஆறு மாசம் கழித்து அடுத்த டெஸ்ட். எனக்குச் சந்தோஷம். மறைக்க ஒன்றுமில்லை, பஸ் ஸ்டாண்டில் நின்றே அவருக்குப் போன் பண்ணிச் சொன்னேன்.

மே 11, ஞாயிறு

தம்பி பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் கொண்டுவந்தான். கத்திரி வெயிலுக்கு வீடு முழுக்க வாசம். மூன்று சுளை எடுத்துக்கொண்டு மீதியைத் தெருவுக்குக் கொடுத்தேன்.

அவனுக்கு நாற்பது தாண்டிவிட்டது, வயிறும் முன்னால் வந்திருக்கிறது, அம்மா வழி அவனுக்கும் உண்டு. "எனக்கு ஒண்ணும் தெரியலையே அக்கா" என்றான். எனக்கும் ஒன்றும் தெரியவில்லைதானே, ரத்தம் பார்த்ததால்தான் தெரிந்தது என்றேன். புதன்கிழமை காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வரச் சொல்லியிருக்கிறேன். அவன் மனைவியையும் கூட்டி வரச் சொன்னேன், இரண்டு பேருக்கும் சேர்த்தே பார்த்துவிடலாம்.