நான்காம் நம்பர் பேனா

நவம்பர் 3, திங்கள்

அவள் உடம்பிலிருந்து துண்டு எடுத்து லேபுக்கு அனுப்பியாயிற்று. ஏழு நாள் ஆகும் என்றார்கள். மத்தியானமே ஷெட்டுக்கு வந்துவிட்டேன். அவள்தான் விரட்டினாள். "இங்க உக்காந்து என் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தா மாறிடப் போவுதா, போங்க."

ஆறு பேனாவில் ஐந்து ஒழுங்காக எழுதுகிறது. நான்காம் நம்பர் மட்டும் அரைப் பக்கம் வழுக்கிக்கொண்டு போகிறது, அப்புறம் கோடு வெளுத்து வெளுத்து நின்றேவிடுகிறது. உதறினால் வருகிறது. உதறி எழுதுகிற பேனாவை யார் தலையில் கட்டுவது?

நவம்பர் 4, செவ்வாய்

எண்ணெய்தான் காரணம் என்று நினைத்தேன். மரை போடும்போது விட்ட எண்ணெய் கொஞ்சம் தங்கியிருந்தாலும் போதும், ஃபீட் மேல், அதாவது நிப்புக்கு அடியில் மை கொண்டுவருகிற துண்டின் மேல், மை தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நிற்கும். எபோனைட் (கெட்டி ரப்பர்) ஃபீட்டின் அருமையே மை அதன் மேல் ஒட்டிப் பரவுவதுதான். சோப்புத் தண்ணீர், பழைய பல் பிரஷ், பத்து நிமிடம். காயவைத்து எழுதினேன்.

முக்கால் பக்கம் வந்தது.

நவம்பர் 5, புதன்

மழை. கரண்ட் இல்லை. அவள் சாப்பிடவில்லை.

நவம்பர் 6, வியாழன்

கும்பகோணம் சார் போன் பண்ணினார். அவசரமில்லை தம்பி, நிதானமா பண்ணுங்க என்று அவசரப்படுத்தினார். அவருக்கு கன்வெர்ட்டர், அந்த மை உறிஞ்சுகிற குழாய், கூடாது. பள்ளிக்கூடத்தில் ஃபில்லரால் மை ஊற்றின மாதிரியே ஊற்ற வேண்டும். மூன்று மில்லிக்கு மேல் பிடிக்கிற பேரல், ஆறாம் நம்பர் நிப், கறுப்பில் பச்சை அலை ஓடுகிற எபோனைட். ரசனையுள்ள மனிதர்தான். ஆனால் பேரல் முழுக்க மை நிற்கிற பேனாவில் நிப்பும் ஃபீட்டும் ஒரு இழை பிசகினாலும் ஒன்று காயும், இல்லாவிட்டால் கக்கும்.

நேற்றிரவு தூக்கம் வராமல் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன் (இதை யோசிப்பது சுலபம்). எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டால் குபுக் குபுக்கென்று திணறும், எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால்தான் சீராக ஊற்றும். பேனாவும் அதே கதைதான், மை எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு காற்று மேலே போயாக வேண்டும், ஆனால் இங்கே இரண்டும் ஃபீட்டில் வெட்டின அந்த ஒரே வாய்க்காலில்தான் போய் வர வேண்டும், அடியில் மெல்லிய கீறலில் மை, அதற்கு மேலே காற்று. அப்படியானால் நான்காம் நம்பரில் அடைபட்டிருப்பது மையா காற்றா? உதறினால் வருகிறது என்றால் காற்று. முதல் அரைப் பக்கம் நன்றாக எழுதுகிறது என்றாலும் காற்று. இந்தத் தெளிவு ராத்திரி இரண்டரை மணிக்கு. காலையில் கீறலைப் பிளேடால் ஒரு தடவை இழுத்து, வாய்க்காலைத் துடைத்து, மாட்டி எழுதினேன். அதே முக்கால் பக்கம். தெளிவாவது மண்ணாவது.

நவம்பர் 7, வெள்ளி

லேபிலிருந்து போன். இன்னொரு ஸ்டெயின் போட்டுப் பார்க்க வேண்டுமாம், இன்னும் நாலைந்து நாள். ஏன் என்று கேட்டேன். டாக்டர் சொல்வார் என்றது அந்தப் பெண். டாக்டரைக் கேட்டால் ரிப்போர்ட் வரட்டும் என்கிறார்.

ஸ்டெயின் என்றால் சாயம்தானே.

என் விரலில் இருக்கிற நீலம் ஒரு வாரமாகப் போகவில்லை. அத்தை அதைப் பார்த்துவிட்டு எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொன்னார்கள். அத்தைக்கு இன்னும் எதுவும் சொல்லவில்லை.

நவம்பர் 8, சனி

கண்டுபிடித்துவிட்டேன். பாதியாவது.

நிப்பைத் தனியாகக் கையில் வைத்து லூப்பில் (சின்ன பூதக்கண்ணாடி) பார்த்தால் பிளவில் வெளிச்சம் தெரிகிறது, காற்றுத் துளையிலிருந்து முனைவரை ஒல்லியாகிக்கொண்டே போகிற நல்ல கோடு. கழுத்துக்குள் அழுத்தி மாட்டினால் முனையருகே வெளிச்சம் இல்லை. திரும்ப உருவினால் இருக்கிறது. நான்கைந்து தடவை உருவி மாட்டி உருவி மாட்டிப் பார்த்தேன். கழுத்துத் துளை இறுக்கம்! ஃபீட் 6.3 மில்லிமீட்டர். துளையும் அதே கணக்கில்தான் போட்டேன், ஆனால் நான்காவது போடும்போது துளையைச் சீவுகிற ரீமர் மழுங்கியிருக்க வேண்டும். நிப்பின் இரண்டு சிறகையும் துளை நெருக்கியிருக்கிறது, முனையில் பிளவு மூடிக்கொண்டிருக்கிறது. புது ரீமரைக் கையாலேயே கால் சுற்று, அரைச் சுற்று. எபோனைட் தூள் கந்தக வாடையோடு உள்ளங்கையில் கொட்டியது. எனக்குப் பிடித்த வாடை. சட்டையோடு வீட்டுக்குப் போனால் அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு "வந்துட்டாரு தீப்பெட்டி" என்பாள். நேற்றும் அதே சட்டை, ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் நீலம் போட்டுப் பார்த்தேன். லேத் வேலையில் இரண்டு முகம் பொருந்துகிறதா என்று பார்க்கச் செய்கிற அதே வேலைதான். ஃபீட் முதுகில் மார்க்கரால் தடவி, நிப்பை வைத்து அழுத்தி எடுத்தால் தொட்ட இடத்தில் மட்டும் மை அழிந்திருக்கும். தோளில் அழிந்திருந்தது, நுனியில் அப்படியே இருந்தது. நுனியில் ஒரு தாள் நுழைகிற இடைவெளி.

சுடுதண்ணீர் வைத்தேன். கொதி அடங்கினதும் நிப்பையும் ஃபீட்டையும் மட்டும் முக்கினேன். கழுத்து நனையக் கூடாது, வெந்நீர் பட்டால் கறுப்பு எபோனைட் பழுப்படித்துவிடும், முதல் வருஷம் அப்படி நான்கு பேனாவைக் கெடுத்திருக்கிறேன். முப்பது எண்ணி வெளியே எடுத்து, கட்டைவிரலால் ஃபீட்டை நிப்போடு அழுத்திப் பிடித்தேன். விரல் சுட்டது. இளகின எபோனைட் ஒரு மயிரிழை மேலே வந்து உட்காருவது விரலுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாது. அப்படியே பச்சைத் தண்ணீரில் விட்டு ஆறும்வரை விரலை எடுக்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

முழுதாக நான்கு பக்கம். அவள் பெயரையே எழுதியிருக்கிறேன், இப்போதுதான் கவனித்தேன்.

நவம்பர் 10, திங்கள்

ரிப்போர்ட் வரவில்லை.

இன்ஷூரன்ஸ்காரர்கள் மூன்றாவது முறையாக அதே படிவத்தைக் கேட்கிறார்கள். வாட்டர்மேன் நினைவுக்கு வந்தார். 1884இல் காற்றும் மையும் சேர்ந்து போய்வர ஃபீட்டில் கீறல் போட்டு பேடன்ட் வாங்கினவர். இன்ஷூரன்ஸ் ஏஜென்டாக இருந்தபோது கையெழுத்துப் போடுகிற நேரத்தில் பேனா ஒழுகி பாலிசி பத்திரம் பாழாய்ப்போனது, அந்தக் கோபத்தில் புதுப் பேனா செய்தார் என்று ஒரு கதை. கட்டுக்கதை என்கிறார்கள். எனக்கென்னவோ அப்படி நடந்திருந்தால் நன்றாக இருக்கும் என்றிருக்கிறது. இன்ஷூரன்ஸில் இருந்து ஒரு நல்லதாவது வந்திருக்கும்.

நவம்பர் 11, செவ்வாய்

கக்கிவிட்டது.

மூன்றில் ஒரு பங்கு மையோடு சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஷெட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தேன், வேண்டுமென்றேதான். பேரலில் மை குறையக் குறையக் காற்று அதிகம், உடம்புச் சூட்டில் காற்று விரிந்து மையைத் தள்ளும். எந்த ஃபில்லர் பேனாவும் ஓரளவு செய்யும். சாரிடம் பாதிக்குக் கீழே போக விடாதீங்க, ரொப்பிடுங்க என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் மற்ற ஐந்தையும் இதே மாதிரி அலைய விட்டேனே, அதெல்லாம் கக்கவில்லையே. துளையைக் கொஞ்சம் அதிகம் சீவிவிட்டேனோ? இறுக்கமாக இருந்தபோது எழுதவில்லை, தளர்த்தினால் ஒழுகுகிறது. புதுக் கழுத்து கடைந்து முதலிலிருந்து ஆரம்பித்தால்தான் மனசு ஆறும். ஒரு நாள் வேலை. இல்லை, இரண்டு நாள். இன்றைக்கு என்னால் முடியாது.

சட்டையைப் பார்த்து அவள் சிரித்தாள். பத்து நாளில் முதல் தடவை.

நவம்பர் 12, புதன்

நாளை காலை பத்தரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். போனில் சொல்ல மாட்டார்களாம். கூட ஒருவர் வர வேண்டுமாம்.

கழுத்து கடைந்துவிட்டேன். துளை போடவில்லை. கை நிற்கவில்லை, இந்தக் கையோடு ரீமரைத் தொடக் கூடாது.

நவம்பர் 13, வியாழன்

பத்தரை என்றவர்கள் பன்னிரண்டு ஆக்கிவிட்டார்கள். பையில் நான்காம் நம்பர்தான் இருக்கிறது, அதிலேயே இதை எழுதுகிறேன். காலையில் முழுக்க ரொப்பினேன், இதுவரை கக்கவில்லை. அவள் எட்டிப் பார்த்து, இந்தக் கலர் எனக்கும் ஒண்ணு பண்ணித் தாங்க என்கிறாள். பச்சை அலை ராடு இன்னும் ஒரு சாண் மீதி இருக்கிறது.

டோக்கன் 37 ஓடுகிறது. எங்களுடையது 41.