அடைப்புக்குறிக்குள் இருந்த அந்த +2

பத்தாம் வகுப்பில் ஒரு தேர்வில் எனக்கு மதிப்பெண் மொத்தமாகப் போன கேள்வி இது: ஒய் − 1 = −3/4 (எக்ஸ் + 2) என்ற கோட்டை வரைக. பென்சிலைக் கூராகச் சீவி, அளவுத்திட்டம் எழுதி, அழகாகத்தான் வரைந்திருந்தேன். தொடங்கிய புள்ளிதான் தப்பு. (2, −1)-இல் வைத்துவிட்டேன். சரியான புள்ளி (−2, 1).

"குறியை மாற்றிப் போடு" என்று மனப்பாடம் செய்தால் தேர்வுப் பதற்றத்தில் எதை மாற்றினோம், எதை மாற்றவில்லை என்றே குழம்பிவிடும். அதற்குப் பதில், இரண்டு பக்கமும் பூஜ்யமாக என்ன வேண்டும் என்று பாருங்கள். எக்ஸ் −2 ஆனால் அடைப்புக்குறி பூஜ்யம். ஒய் 1 ஆனால் இடப்பக்கம் பூஜ்யம். அவ்வளவுதான், புள்ளி கையில் கிடைத்துவிட்டது.

அங்கிருந்து சாய்வு, அதாவது கோடு எவ்வளவு ஏறுகிறது அல்லது இறங்குகிறது என்பது. −3/4 என்றால் வலப்பக்கம் 4, கீழே 3. (2, −2)-க்கு வருவீர்கள். கழித்தல் குறியை ஒரே ஒரு திசைக்குத்தான் கொடுக்க வேண்டும். இடப்பக்கமும் போய்க் கீழேயும் இறங்கினால் சாய்வு மிகைக் குறிக்கு (+3/4) மாறிவிடும். முதல் புள்ளியிலிருந்து இடப்பக்கம் 4, மேலே 3 போனால் (−6, 4).

என் தவறு ஏன் கண்ணில் படவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. சாய்வு சரியாக இருந்ததால், நான் வரைந்த கோடு சரியான கோட்டுக்கு இணையாகவே போயிற்று. கட்டம் எண்ணி மூன்றாவது புள்ளி வைத்தேன். அதுவும் ஒழுங்காக என் கோட்டின் மேலேயே உட்கார்ந்தது! ஆகவே எண்ணிச் சரிபார்ப்பதில் பயனில்லை. புள்ளியைச் சமன்பாட்டில் பிரதியிட்டுப் பாருங்கள். (2, −1)-ஐப் போட்டால் இடப்பக்கம் −2, வலப்பக்கம் −3. அரை நிமிட வேலை, நான் செய்யவில்லை.

சிலர் இதை முதலில் சாய்வு-வெட்டுத்துண்டு வடிவத்துக்கு (ஒய் = சாய்வு × எக்ஸ் + வெட்டுத்துண்டு; கோடு ஒய் அச்சை வெட்டும் இடம்தான் வெட்டுத்துண்டு) மாற்றுவார்கள். தப்பில்லை. ஆனால் இங்கே வெட்டுத்துண்டு −1/2. எக்ஸுக்கு 1 போட்டால் ஒய் −5/4. கையில் முழு எண் புள்ளி இருக்கும்போது எதற்கு இந்தப் பாடு? அட்டவணை போட்டே ஆக வேண்டுமென்றால் எக்ஸ் மதிப்புகளை −6, −2, 2 என்று நாலு நாலாக எடுங்கள்.

இன்னொன்று, அளவுத்திட்டம். ஒய் அச்சில் மட்டும் 1 செ.மீ. = 2 அலகுகள் என்று எடுத்திருந்தால், 3 அலகு இறங்குவது ஒன்றரை சென்டிமீட்டர்தான். பழக்கதோஷத்தில் மூன்று சென்டிமீட்டர் இறங்கினால், நீங்கள் வரைந்த கோட்டின் சாய்வு −3/2.