ரிப்கெனை உட்காரவைத்த கணினி

இரவு உணவுக்குப் பிறகு நாளுக்கு ஓர் ஆட்டம் என்ற கணக்கில், கடந்த சில மாதங்களாக 1983ஆம் ஆண்டின் பால்டிமோர் ஓரியோல்ஸ் பேஸ்பால் அணியைக் கணினி விளையாட்டு ஒன்றில் மறுபடியும் ஆடவைத்துப் பார்த்துவருகிறேன். அந்தப் பருவத்தின் மே மாதக் கடைசியை எட்டியபோது, மழையால் தள்ளிப்போன ஆட்டம் ஒன்று மறுநாள் ஆட்டத்துடன் சேர்ந்துகொள்ள, ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள் வந்தன. முதல் ஆட்டம் முடிந்து இரண்டாவதற்கான பட்டியல் திரையில் விரிந்தபோது, மட்டை பிடிக்கும் வரிசையின் மூன்றாம் இடத்தில் வழக்கமாக இருக்கும் கேல் ரிப்கென் என்ற பெயரைக் காணவில்லை. அவர் உட்களத்தின் இடது பக்கத்தைக் காக்கும் ஷார்ட்ஸ்டாப் இடத்தில் லென் சக்காட்டாவின் பெயர் இருந்தது. ரிப்கெனின் பெயர் கீழே மாற்று வீரர்களின் வரிசையில் இருந்தது; அதன் பக்கத்தில் களைப்பைக் காட்டும் சிறிய பட்டை பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறியிருந்தது. காயம் ஏதுமில்லை. கணினி அவருக்கு ஓய்வு கொடுத்திருந்தது, அவ்வளவுதான்.

பேஸ்பாலை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று சொல்லத் தேவையில்லை. 1982 மே 30 அன்று தொடங்கி, 1998 செப்டம்பரில் தாமாகவே அமர்ந்துகொள்ளும் வரை, 2,632 ஆட்டங்களில் ஒன்றைக்கூட விடாமல் ஆடியவர் ரிப்கென். 1983இல் அணியின் 162 ஆட்டங்களிலும், அவற்றின் ஒவ்வொரு இன்னிங்ஸிலும் களத்தில் இருந்தார்; 211 ஹிட்டுகளும் 27 ஹோம் ரன்களும் அடித்து அமெரிக்கன் லீகின் மிகச் சிறந்த வீரர் விருதை வென்றார். அந்த மனிதரைத்தான் கணினி ஒரு சாதாரண நாளில், ஒரு சாதாரண ஆட்டத்தில் வெளியே உட்காரவைத்தது. அன்று ஆட்டத்தைத் தொடராமல் கணினியை அணைத்துவிட்டேன்.

இரு அணிகளையும் கணினியே நிர்வகிக்கட்டும் என்று முடிவு செய்தவன் நான்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பக்கத்தை நான் எடுத்துக்கொண்டால், எனக்குத் தெரிந்த வரலாற்றை நோக்கி அணியைத் தள்ளிக்கொண்டு போய்விடுவேன். பிறகு அது மறு ஓட்டமாக இராது, ஒப்பித்தலாகிவிடும். 1951இல் வந்த ஆப்பாவும் 1961இல் வந்த ஸ்ட்ராட்-ஓ-மாட்டிக்கும் பகடையும் அட்டைகளும் கொண்டு மேசையில் ஆடப்பட்ட பேஸ்பால் விளையாட்டுகள். அங்கே யார் ஆட வேண்டும், யார் எத்தனையாவதாக மட்டை பிடிக்க வேண்டும் என்பதை மேசையின் முன் உட்கார்ந்திருந்த மனிதர் தீர்மானித்தார். கணினிக்கு வந்தபோது அந்த மனிதரின் நாற்காலியும் நிரலுக்குப் போய்விட்டது. ஒவ்வொரு நாளும் அது ஒன்பது பேரைத் தேர்ந்தெடுத்து, வரிசைப்படுத்தி, அவர்களுக்கு இடங்களைப் பிரித்துக் கொடுக்கிறது.

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த வரிசையின் கனம் முதலில் பிடிபடாமல் போகலாம். கிரிக்கெட்டில் வரிசை ஓர் இன்னிங்ஸுக்கு ஒருமுறைதான் ஓடும், தேவைப்பட்டால் நடுவிலேயே மாற்றிக்கொள்ளலாம். பேஸ்பாலில் ஆட்டத்துக்கு முன் எழுதிக் கொடுத்த வரிசை ஒன்பது பேரையும் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். அதை மாற்ற முடியாது. ஒருவரை வெளியே எடுத்துவிட்டால் அவர் அன்று திரும்பி வரவும் முடியாது. ஆகவே, காலையில் எழுதப்படும் அந்தச் சிறிய அட்டை, ஒரு மேனேஜரின் அன்றைய சிந்தனை முழுவதையும் தாங்கிய ஆவணம்.

மறுநாள் கோபம் ஆறியபின், கணினி ஏன் அப்படிச் செய்தது என்று தேடினேன். நான் ஆடும் விளையாட்டில் ஒவ்வொரு வீரருக்கும் களைப்பு அளவு ஒன்று உண்டு. அது ஓர் எல்லையைத் தாண்டினால் மாற்று வீரரின் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டு, வித்தியாசம் சிறிதாக இருந்தால் கணினி ஓய்வு கொடுத்துவிடும். ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள், எதிரே ஒரு பலவீனமான அணி, சக்காட்டாவோ ஷார்ட்ஸ்டாப்பில் ஆடக்கூடியவர். அன்றைய ஆட்டத்தை மட்டும் பார்த்தால் கணக்கு சரிதான். ஆனால் ரிப்கென் முந்தைய நாளும் ஆடினார், அதற்கு முந்தைய நாளும் ஆடினார், ஒரு வருடமாக விடாமல் ஆடிவருகிறார் என்பது கணினிக்கு ஒரு சேதியே அல்ல. மனித மேனேஜருக்கு நேற்று என்று ஒன்று உண்டு, நாளை என்று ஒன்று உண்டு. கணினி ஒவ்வொரு காலையும் புதிதாகப் பிறந்து, கையில் கிடைத்த எண்களைக் கொண்டு ஒரு பட்டியலைப் போட்டுவிட்டு, இரவில் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது. விசித்திரமாகத் தோன்றும் பட்டியல்களில் பெரும்பாலானவை இந்த மறதியிலிருந்தே வருகின்றன என்பது என் எண்ணம்.

பெரும்பாலானவை என்றுதான் சொல்கிறேன், ஏனெனில் நானே தவறாக இருந்த இடமும் உண்டு. ஜூன் மாதத்தில் கணினி, கென் சிங்கிள்டனை வரிசையில் முதலாவதாக அனுப்பத் தொடங்கியது. சிங்கிள்டன் அப்போது முப்பத்தாறு வயதை எட்டியவர், கனத்த உடல், வேகமே கிடையாது. முதல் இடம் என்றால் பந்து அடிபடாமலே அடுத்த பேஸை, அதாவது ஓட்டக்காரர் தொட வேண்டிய அடுத்த தளத்தை, திருடி ஓடக்கூடிய அல் பம்ப்ரி போன்றவர்களுக்கு உரியது என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன். பிறகு பழைய பதிவுகளைப் பார்த்தால், 1975இல் மேனேஜர் எர்ல் வீவர் இதே சிங்கிள்டனை முதல் இடத்தில் ஆடவைத்திருக்கிறார்; அந்த ஆண்டு அவர் 118 முறை 'வாக்' பெற்று (எல்லைக்கு வெளியே வீசப்பட்ட நான்கு பந்துகளை அடிக்காமல் விட்டு முதல் பேஸுக்குச் சென்று), ஏறத்தாழ ஐந்துக்கு இரண்டு முறை என்ற விகிதத்தில் பேஸை எட்டியிருக்கிறார். வரிசையில் ஓர் இடம் மேலே போனால் ஒரு பருவத்தில் ஏறக்குறைய 18 வாய்ப்புகள் கூடுகின்றன. 162 ஆட்டங்களை ஒன்பதால் வகுத்தாலே அந்த எண் வந்துவிடும். அந்தக் கூடுதல் வாய்ப்புகளை, வேகமாக ஓடுபவருக்குக் கொடுப்பதைவிட எளிதில் ஆட்டமிழக்காதவருக்குக் கொடுப்பதே மேல் என்பதை வீவர் உணர்ந்திருந்தார், கணினியும் கணக்கிட்டுக் கண்டுபிடித்தது. அண்மைக் காலத்தில் ஃபிலடெல்ஃபியாவின் கைல் ஷ்வார்பர், 2023இல் .197 என்ற குறைந்த மட்டை வீச்சுச் சராசரியோடும் 47 ஹோம் ரன்களோடும் பெரும்பாலும் முதல் இடத்திலேயே ஆடியதைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாகவும் இராது. அந்த மாதம் முழுவதும் சிங்கிள்டனை மாற்றாமல் விட்டேன்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் நடந்தது. நிஜப் பருவத்தில் சிறிய லீகிலிருந்து மேலே அழைக்கப்பட்ட ஓர் இளம் கேட்சர் (மட்டை பிடிப்பவருக்குப் பின்னால் அமர்ந்து பந்தைப் பிடிப்பவர்), விரல்விட்டு எண்ணிவிடும் அளவுக்கே மட்டை பிடித்து .400க்கு மேல் சராசரி வைத்திருந்தார். கணினி அந்தச் சராசரியை அப்படியே நம்பி, வழக்கமான கேட்சர் ரிக் டெம்ப்ஸியை ஓரங்கட்டி, அவரை வரிசையில் அணியின் முக்கிய அடிப்பாளரான எடி மரேக்கு முன்னால் ஆடவைத்தது. சில வாரங்களில் ஓரளவு திறமையுள்ள எவரும் அப்படி அடித்துவிடலாம் என்பது எந்தப் பயிற்சியாளருக்கும் தெரியும். அவருக்கான வாய்ப்புகளுக்கு ஓர் உச்சவரம்பை வைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன். இதில் அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

யோசிக்கவைப்பவர் வீவர்தான். 1982 வரை அந்த அணியை நடத்திய அவர் எழுதிய பட்டியல்களில் சிலவற்றைக் கணினி எழுதியிருந்தால், நிரலில் பிழை என்று நான் சத்தியம் செய்திருப்பேன். 1975 செப்டம்பரில், வெளியூர் ஆட்டங்கள் சிலவற்றில், ராயல் ஸ்டில்மன் என்ற வெளிக்கள வீரரை ஷார்ட்ஸ்டாப் என்று எழுதி முதல் இடத்தில் போட்டார். வெளியூர் அணிதான் முதலில் மட்டை பிடிக்கும். ஸ்டில்மன் ஒருமுறை மட்டை பிடித்ததும், களத்தில் இறங்கும் நேரத்தில் அவரை எடுத்துவிட்டு, மட்டை வீச்சில் பலவீனமும் களக்காப்பில் ஒப்பற்ற திறமையும் கொண்ட மார்க் பெலாஞ்சரை அனுப்பினார். பெலாஞ்சரின் பலவீனமான ஒரு வாய்ப்பை மட்டும் வேறொருவருக்குக் கைமாற்றிவிட்ட உத்தி அது. 1980இல், பந்துவீச்சாளருக்குப் பதிலாக மட்டை பிடிக்கும் வீரரின் இடத்தில், அன்று ஆடவே போகாத ஒரு பந்துவீச்சாளரின் பெயரை எழுதினார். அந்த இடம் வரும் நேரத்தில் எதிரே யார் பந்து வீசுகிறார், பேஸில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்த்துத் தகுந்தவரை அனுப்பிக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். அதைத் தடுப்பதற்கென்றே பின்னர் விதியைத் திருத்தினார்கள்.

ரிப்கெனை ஷார்ட்ஸ்டாப் ஆக்கியவரும் வீவர்தான். 1982 ஜூலை 1 அன்று, மூன்றாம் பேஸில் ஆடிக்கொண்டிருந்த 6 அடி 4 அங்குல உயரமுள்ள அந்த இளைஞரை, சிறிய உருவமும் சுறுசுறுப்பும் உள்ளவர்களுக்கே உரியது என்று பலரும் கருதிய இடத்துக்கு மாற்றினார். அப்படி மாற்றச் சொல்லும் எண் எதுவும் அன்று எந்த அட்டையிலும் இருந்திருக்க முடியாது. தினமும் பயிற்சியில் அந்த இளைஞரின் கைகளைப் பார்த்த கண்களுக்குத்தான் அது தெரிந்தது. நான் 1982ஆம் பருவத்தைக் கணினியின் பொறுப்பில் ஒருமுறை ஓடவிட்டபோது, ரிப்கென் கடைசி வரை மூன்றாம் பேஸிலேயே நின்றார்.

அன்றன்று நிஜமாக எழுதப்பட்ட பட்டியல்களையே நாள்தோறும் ஏற்றிக்கொள்ளும் வழியும் இத்தகைய விளையாட்டுகளில் உண்டு. 1989இல் தொடங்கப்பட்ட ரெட்ரோஷீட் என்ற தன்னார்வ அமைப்பு பழைய ஆட்டங்களைத் திரட்டிவைத்திருப்பதால் அது சாத்தியமாகிறது. பத்து ஆட்டங்கள் அப்படி ஓட்டிப் பார்த்தேன். ஆனால் நிஜத்தில் காயம்பட்டவர் என் பருவத்தில் நலமாக இருந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

இப்படியே ஆகஸ்ட் 24 வந்தது. 1983இல் அந்த நாளில், பால்டிமோரின் மெமோரியல் ஸ்டேடியத்தில் டொரொன்டோவுக்கு எதிராக நடந்த ஆட்டத்தை ஓரியோல்ஸ் ரசிகர்கள் மறப்பதில்லை. பின்தங்கியிருந்த ஆட்டத்தைச் சமன் செய்வதற்காக மேனேஜர் ஜோ ஆல்ட்டோபெல்லி இருந்த மாற்று வீரர்களையெல்லாம் செலவழித்துவிட்டார். பத்தாவது இன்னிங்ஸில் கேட்சர் என்று ஒருவரும் மிஞ்சவில்லை. உட்கள வீரரான சக்காட்டா முகமூடியை மாட்டிக்கொண்டு கேட்சராக அமர்ந்தார். இடது வெளிக்களத்தைப் பகிர்ந்துகொள்ளும் இருவரில் ஜான் லோவன்ஸ்டைன் இரண்டாம் பேஸுக்கும், கேரி ரோனிக்கி மூன்றாம் பேஸுக்கும் வந்தார்கள். பழக்கமில்லாத கேட்சரைக் கண்டதும் டொரொன்டோ ஓட்டக்காரர்கள் திருடுவதற்காக முதல் பேஸை விட்டு அதிகம் விலகி நின்றார்கள். ஓரியோல்ஸ் பந்துவீச்சாளர் டிப்பி மார்ட்டினெஸ் அவர்களில் பானல், காலின்ஸ், அப்ஷா ஆகிய மூவரையும் ஒருவர் பின் ஒருவராக, முதல் பேஸுக்கு எறிந்தே வீழ்த்தி அந்த இன்னிங்ஸை முடித்தார். அந்த இன்னிங்ஸில் டொரொன்டோ எடுத்திருந்த ஒரு ரன் முன்னிலையை அதன் பிறகு ரிப்கென் ஹோம் ரன் அடித்துச் சமன் செய்ய, சக்காட்டா மூன்று ரன் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை வென்று கொடுத்தார்.

என் கணினியில் அன்றிரவு நான் பட்டியலில் எதையும் தொடவில்லை. ஒன்பதாவது இன்னிங்ஸில் ஓரியோல்ஸ் இரண்டு ரன் பின்தங்கி, பேஸில் ஒருவர் நிற்க, டெம்ப்ஸியின் முறை வந்தது. கணினியின் விதிப்படி கடைசி கேட்சரைச் செலவழிக்கக் கூடாது. ஜோ நோலனைப் பெஞ்சில் காத்துவைத்துக்கொண்டு டெம்ப்ஸியையே மட்டை பிடிக்கவிட்டது. அவர் இரண்டாம் பேஸை நோக்கி ஒரு தரைப்பந்து அடித்தார், இருவரும் வீழ்ந்தார்கள், ஆட்டம் முடிந்தது. சக்காட்டா அன்று பெஞ்சை விட்டு எழவே இல்லை.