வயித்துல கேஸ்னு சொன்னாங்க, எனக்கு மனசு ஒப்பல

கைக்கொழந்த வெச்சிருக்கறவங்க இத முழுசா படிச்சுருங்க. எங்க பையனுக்கு ஏழு மாசம் இருக்கறப்போ குடலுக்குள்ள குடல் நுழைஞ்சு மாட்டிக்கிச்சு. இன்டஸ்சசெப்ஷன்னு டாக்டருங்க பேர் சொல்றாங்க. சட்டைக் கைய உள்பக்கமா இழுத்தா சுருண்டு நிக்குமில்லீங்க, அப்படி. மூணு மாசத்துல இருந்து மூணு வயசு வரைக்கும்தான் அதிகமா வருமாம், அதுலயும் ஒரு வயசுக்குள்ள இன்னும் அதிகம். நல்லா கொழுகொழுன்னு வெளையாடிட்டு இருக்கற கொழந்தைக்கும் திடீர்னு வரும்.

எங்களுக்கு சத்தியமங்கலம் பக்கம், மல்லித் தோட்டம். பூப்பறிக்க இருட்டோட எந்திரிச்சப்பத்தான் வீல்னு கத்துனான். ரெண்டு காலையும் வயித்தோட மடக்கிக்கிட்டு, மூஞ்சி வெளுத்துப் போயி. கொஞ்ச நேரத்துல தானா நின்னுருச்சு, சரின்னு தொட்டில்ல போட்டா கால்மணி நேரம் கழிச்சு திரும்பவும் அதே அழுகை, அதே மாதிரி கால மடக்கறான், குடிச்ச பால கக்கறான்.

ஒரம் விழுந்திருக்கும், எடுத்தா சரியாயிரும்னு அத்தை சொன்னாங்க. சேலைல கொழந்தையப் போட்டு ரெண்டு பேரு ரெண்டு பக்கம் புடிச்சு உருட்டறது. வந்திருந்த ஒறம்பற ஒருத்தங்க தொக்கம் எடுக்கோணும்னாங்க, உள்ள ஏதோ சிக்கியிருக்குன்னு வயித்தத் தடவி எடுக்கறது. எல்லாம் பாசத்துலதான், ஆனா குடல் மாட்டிக்கிட்டு இருக்கற வயித்த உருட்டறதும் தடவறதும் ஆபத்து, அதவிடப் பெரிய ஆபத்து அதுல போற நேரம். "மொதல்ல டாக்டரப் பாத்துட்டு வந்தர்றோம்ங்க அத்தை"ன்னு சொல்லீட்டு கெளம்பிட்டோம்.

பக்கத்துல ஒரு கிளினிக்குல அவன் அந்நேரம் பாத்து அமைதியா தூங்கறான். "மொதக் கொழந்தைங்களாம்மா?"ன்னு கேட்டுட்டு, கேஸ்தான், சொட்டு மருந்து குடுங்கன்னு அனுப்பிச்சுட்டாங்க. இந்த நோவுல கொடுமையே இதுதானுங்க, வலி விட்டு விட்டு வரும், நடுவுல கொழந்த ஒண்ணுமில்லாத மாதிரி கெடக்கும், டாக்டரு பாக்கற ரெண்டு நிமிஷம் அந்த நடுவுல விழுந்துட்டா எதுவுமே தெரியாது.

ஆனா எனக்கு அந்த அமைதிதான் பயமா இருந்துச்சு. அழுகைய விட அதுதான். டிவிஎஸ் வண்டி சத்தம் எங்க கேட்டாலும் அப்பான்னு தலையத் திருப்பித் தேடறவன், எங்கூட்டுக்காரரு பக்கத்துலயே நின்னு வண்டிய ஸ்டார்ட் பண்றாரு, கண்ணக் கூட தெறக்கல. தொவண்டு போய் தோள்ல கெடந்தான். மொதக் கொழந்ததான், எனக்கு மருத்துவம் தெரியாதுதான், ஆனா அவன் எப்படித் தூங்குவான் எப்படி அழுவான்னு என்னையத் தவிர யாருக்குத் தெரியும்?

மத்தியானத்துக்குள்ள பச்சையா வாந்தி எடுத்தான். பச்சக்கொழந்த பச்சையா வாந்தி எடுத்தா அது பித்தம், குடல் எங்கயோ அடைச்சிருக்கலாம்னு அர்த்தம், வீட்ல வெச்சுப் பாக்கற விஷயமே இல்லைங்க. அப்பவே கோயமுத்தூருக்கு வண்டிய எடுத்தாச்சு. வியாழக்கெழம, புளியம்பட்டி சந்தை, ரோடு பூரா மாட்டு வண்டியும் டெம்போவும். வண்டியில வரும்போதே ஒவ்வொரு தடவ அழறப்பவும் மணி எழுதிக்கிட்டேன், போன்ல வீடியோவும் புடிச்சு வெச்சேன்.

அந்த வீடியோதான் காப்பாத்துச்சுன்னு சொல்லுவேன். கேஷுவால்ட்டில இருந்த டாக்டர் முதல்ல ஏதாவது வைரஸ் தொத்தா இருக்கும், அட்மிட் பண்ணி பாக்கலாம்னுதான் ஆரம்பிச்சாரு. நான் பயமா இருக்குன்னு சொல்லல, அப்படிச் சொன்னா எல்லா அம்மாவும் சொல்றதுதான்னு விட்டுருவாங்க. "சார், இத்தன மணிக்கு ஆரம்பிச்சுது, இவ்வளவு நேரத்துக்கு ஒருக்கா வருது, நடுவுல மயங்குன மாதிரி கெடக்கறான், வாந்தி இப்ப பச்சையா மாறிருச்சு, இது வேற என்னவா இருக்கலாம்ங்க, வயித்துக்கு ஒரு ஸ்கேன் இப்பவே பாத்தரலாங்களா?"ன்னு கேட்டேன். வீடியோவப் பாத்ததும் பெரிய டாக்டரக் கூப்பிட்டாரு. அந்தம்மா வலது பக்கம் வயித்தத் தொட்டுப் பாத்துட்டு ஒரு கட்டி தட்டுப்படுதுன்னாங்க. ஸ்கேன்ல வளையத்துக்குள்ள வளையமா தெளிவா தெரிஞ்சுச்சு.

அதுக்கப்பறம் எல்லாம் வெசையா நடந்துச்சு. ட்ரிப்ஸ் போட்டு, மூக்கு வழியா டியூப் விட்டு, ஆசன வாய் வழியா சலைன் தண்ணிய அளவா ஏத்தி, ஸ்கேன்ல பாத்துக்கிட்டே மாட்டுன குடல வெளிய தள்ளுனாங்க. அதுல வரலைன்னா ஆபரேஷன்தான்னு சர்ஜனும் ரெடியா நின்னாரு, கையெழுத்தும் வாங்கிட்டாங்க. நேரம் ஆக ஆக அந்தக் குடலுக்கு ரத்த ஓட்டம் நின்னு அழுகிப்போயிரும், அப்பறம் வெட்டித்தான் எடுக்கோணும்னு விளக்குனாங்க. சளியும் ரத்தமும் கலந்து ஜெல்லியாட்டம் வெளிய போறதுதான் இதுக்கு அடையாளம்னு நெறைய பேரு சொல்லுவாங்க, அது முக்காவாசி லேட்டாத்தான் வரும், எங்க பையனுக்கு வரவே இல்ல. ரத்தம் வரலையே, அப்ப ஒண்ணுமில்லைன்னு யாரும் உக்காந்துராதீங்க.

ஆபரேஷன் இல்லாமயே குடல் விலகிருச்சு. பால் குடுக்கக் கூடாதுன்னு வெச்சிருந்து, அப்பறம் கொஞ்சங்கொஞ்சமா ஆரம்பிச்சோம். இப்படி தண்ணி ஏத்தி சரி பண்ணுனவங்கள்ல பத்துல ஒருத்தருக்கு திரும்ப வரலாமாம், மொத ரெண்டு மூணு நாளுக்குள்ளயே கூட வரலாமாம். அதனால வீட்டுக்கு அனுப்பறப்போ அந்த டாக்டரம்மா என்னையத்தான் உக்கார வெச்சு சொன்னாங்க, விட்டு விட்டு அழுதாலோ வாந்தி எடுத்தாலோ ஆள் சோர்ந்து போனாலோ ராத்திரின்னு பாக்காம நேரா இங்க கொண்டு வாங்க, வண்டி இல்லைன்னா 108க்கு அடிங்க, சீட்டுல வியாதி பேரு எழுதியிருக்கேன் அத மொதல்ல காட்டுங்கன்னு.