பூம் தலையில் விழாமலிருக்க ஒரு கயிறு

பாயை இறக்கும்போதெல்லாம் என் படகில் ஒரு சத்தம் கேட்கும். பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் நீண்ட அலுமினியக் குழாயைப் பூம் என்கிறோம். மேலே பிடித்திருக்கும் பாய் தளர்ந்ததும் அது தொப்பென்று, நாங்கள் உட்கார்ந்து படகை ஓட்டும் பள்ளமான காக்பிட்டுக்குள் விழும். ஒருமுறை தேநீர் பிளாஸ்க் நசுங்கியது. இன்னொருமுறை மச்சானின் தோள்பட்டை. பிளாஸ்க்குக்குத்தான் சேதம் அதிகம் என்று நான் சொல்ல, அவன் ஒரு வாரம் என்னுடன் பேசவில்லை.

படகு 1984-இல் செய்த கேட்டலினா 22. ஃபிராங்க் பட்லர் வடிவமைத்த இந்த வகையில் பதினைந்தாயிரத்துக்கும் மேல் கட்டியிருக்கிறார்கள். ஒன்ராறியோ ஏரியின் எந்தத் துறைக்குப் போனாலும் ஒன்றாவது கண்ணில் படும். என்னுடையது ஸ்காபரோவில், பிளஃபர்ஸ் பூங்காத் துறையில் நிற்கிறது.

பூமைத் தாங்க இந்தப் படகில் ஏற்பாடே இல்லை என்று சொல்ல முடியாது. பாய்மர உச்சியிலிருந்து பின்புறத்துக்கு வரும் கம்பிவடத்தில் ஒரு முழத்துக்குச் சிறு கம்பி தொங்கும், அதன் நுனியில் கொக்கி. பூமின் வாலை அதில் மாட்டினால் போதும். துறையில் கட்டி வைத்திருக்கும்வரை நல்ல ஏற்பாடுதான். ஏரிக்குள் போய் அதைக் கழற்ற மறந்தால் என்ன ஆகும் என்பதைப் போன ஆகஸ்டில் தெரிந்துகொண்டேன்.

படகின் முகத்தைக் காற்றுக்கு நேரே திருப்பிப் பாயை ஏற்றினோம். கொக்கி மாட்டியபடியே இருந்தது. முகம் சற்று விலகியபோது, செங்குத்தான கரைக்கு மேலிருந்து வடமேற்குக் காற்று ஒரே வீச்சாக இறங்கியது. பூமை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை விட்டுவிட்டேன். என் அப்பப்பா அதைத் தாமான் என்பார். தாமானை விட்டால் பூம் வெளியே போய்ப் பாய் காற்றைக் கொட்டிவிட வேண்டும். போகவில்லை. நடுவிலேயே மாட்டிக்கொண்டு நின்றது. படகு சரிந்து, பக்கத்தட்டில் தண்ணீர் ஏறியது. மச்சான் கொக்கியை இழுக்கிறான், பாரம் ஏறிய கொக்கி திறக்குமா? சுக்கான் கட்டையைக் கையிலிருந்து விட்ட பிறகுதான் படகு தானாகவே காற்றுக்கு முகம் கொடுத்து நிமிர்ந்தது. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் வரை போன கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஒரு கொக்கியிடம் தோற்றேன்.

பனிக்காலம் முழுவதும் யோசித்தேன். பூமுக்கு அடியில் முட்டுக் கொடுக்கும் ஸ்பிரிங் தண்டு அழகானது, ஆனால் விலை சில நூறு டாலர். வளையும் கண்ணாடியிழைக் கம்பிகளும் கிடைக்கின்றன. எனக்குச் சரியென்று பட்டது பழைய முறை: பாய்மர உச்சியிலிருந்து பூமின் வாலுக்கு ஒரு கயிறு, டாப்பிங் லிஃப்ட். பாய் இறங்கும்போது அது பூமைத் தாங்க வேண்டும், பாய் ஏறியதும் இருக்கும் இடம் தெரியாமல் தளர்ந்துவிட வேண்டும். நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் வழியில்லாவிட்டால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும்.

நீளத்துக்குப் பத்தாம் வகுப்புப் பிதாகரஸ் உதவினார். பாய்மரத்தோரம் 21 அடி, பூமோரம் சுமார் 9 அடி 8 அங்குலம். சாய்கோடு 23 அடிக்குச் சற்று மேல். மேல்பகுதிக்கு 3 மில்லிமீட்டர் டைனீமா எடுத்தேன், மெல்லியதானாலும் மிக வலுவான செயற்கை இழைக் கயிறு. மெல்லிய கயிறு பாயின் பின்விளிம்பை அதிகம் உராயாது. பூமின் வாலுக்கு நான்கடி மேலே அது ஒரு சிறு கப்பியில் முடியும். அங்கிருந்து கைக்கு அடங்கும் 6 மில்லிமீட்டர் கயிறு: பூமின் வாலில் கட்டி, மேலே கப்பியைச் சுற்றி, மறுபடி வாலுக்கு இறங்கி, பூமின் பக்கவாட்டில் முன்னால் ஓடிப் பற்களுள்ள பிடியில் சிக்கிக்கொள்ளும். இந்த அமைப்பில் பாதி பலத்தில் பூமைத் தூக்கிவிடலாம்.

டைனீமாவின் நுனியில் கண், அதாவது மாட்டுவதற்கான வளையம், பின்னும்போது, வாலைக் கயிற்றின் உள்ளேயே புதைக்க வேண்டும். தடிமனைப்போல 72 மடங்கு புதை என்பது விதி. 3 மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 22 சென்டிமீட்டர். இரண்டு நுனிக்கும் சேர்த்து ஒரு முழம் போய்விடும் என்பது, கயிற்றை அளவாக வெட்டி முடித்த பிறகே உறைத்தது. கீழ்க்கயிறு தாராளமாக இருந்ததால் பிழைத்தேன்.

ஏப்ரலில், பாய்மரம் தாங்கிகளின் மேல் கிடந்தபோதே உச்சியில் ஷாக்கிளை, அதாவது கயிற்றைக் கோக்கும் உலோக வளையத்தை, மாட்டினேன். தண்ணீரில் இறக்கிய பிறகு நினைவு வந்தால் மறுபடி மரத்தைச் சாய்க்க வேண்டும். பூமில் துளை போடுவதுதான் நடுக்கம் தந்தது. உருண்டைக் குழாயில் டிரில் வழுக்கும், குத்தூசியால் முதலில் ஒரு பள்ளம் தட்டிக்கொள்ள வேண்டும். துருப்பிடிக்காத எஃகு அலுமினியத்தைத் தொட்டு உப்போ ஈரமோ சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைத் தூளாக அரிக்கும். அதனால் ஒவ்வொரு ரிவெட்டையும் தடுப்புப் பசையில் தோய்த்தே அடித்தேன். எல்லாம் முடிந்து, பாயின் அடிமூலையை இறுக்கும் கயிற்றை இழுத்தால் அசையவில்லை. முந்தைய உரிமையாளர் அதைப் பூமுக்குள்ளே ஓடவிட்டிருந்தார்; என் ரிவெட்டின் வால் அதை அமுக்கிக்கொண்டிருந்தது. அந்த ரிவெட்டைக் குடைந்து எடுத்து, இரண்டு அங்குலம் தள்ளி மறுபடி அடித்தேன். பழைய துளை இன்னும் என்னைப் பார்த்து முழிக்கிறது.

முதல் ஓட்டத்தில் கயிற்றைக் கொஞ்சம் இறுக்கமாக விட்டுவிட்டேன். பாயின் பின்விளிம்பு பை போலத் தொங்கியது. தளர்த்தினால், காற்று மாற்றித் திரும்பும்போது கயிறு பாயை விறைப்பாக வைக்கும் சட்டங்களில் போய் மாட்டியது. கீழ்க்கயிற்றோடு ரப்பர் போல நீளும் ஒரு இழுபட்டியை இணைத்ததும் அடங்கியது. தளர்ந்த பகுதியை அது பின்னால் இழுத்து வைத்துக்கொள்கிறது. பாயைச் சுருக்குவதும் இப்போது எளிது. பூம் தன் இடத்தில் நிற்க, இரு கைகளையும் பாய்க்குக் கொடுக்கலாம். மொத்தச் செலவு எழுபது டாலருக்குள்.

பழைய கொக்கிக் கம்பியை வெட்டி எறிந்துவிட்டேன்.

“அத்தான், இனிமேல் விழாதுதானே?” என்று மச்சான் கேட்டான். விழாது என்றேன். அவன் பிளாஸ்க்கை எடுத்துக் கேபினுக்குள் வைத்தான்.

உச்சியில் டைனீமா ஷாக்கிளோடு உராயும் இடத்தில் சின்ன உலோகக் கவசம் வைக்காமல் விட்டது உறுத்துகிறது. அக்டோபரில் மரம் இறங்கும்போது முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.