இடது டயர் எங்கே போகிறது?

டிரைவிங் ஸ்கூலில் கார் பழகப் போகிறவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பயிற்சி வண்டியில் மாஸ்டர் பக்கத்திலும் பிரேக், கிளட்ச் இருக்கும். முதல் சில நாள் வண்டி ஆஃப் ஆகாமல் ஓடுகிறதென்றால் பெரும்பாலும் அது அவருடைய கால் செய்யும் வேலை. ஆளில்லாத மைதானத்தில் இருக்கும்போது, “மாஸ்டர், கொஞ்ச நேரம் நீங்க கிளட்ச்சைத் தொடாதீங்க” என்று கேளுங்கள். நான் கேட்டதும் சிரித்துக்கொண்டே சரி என்றார். வண்டி உடனே குலுங்கி நின்றது. எனக்குப் பழக்கம் வரத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான்.

சமதரையில் முதல் கியர் போட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல், குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொண்டு கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் தாழும், வண்டி லேசாக நகரப் பார்க்கும். அதுதான் ஹாஃப் கிளட்ச். காலை அங்கேயே நிறுத்தினால் வண்டி ஊர்ந்து போகும். ஒரு கார் நீளம் போனதும் கிளட்ச்சையும் பிரேக்கையும் மிதித்து நிறுத்துங்கள், மறுபடி ஆரம்பியுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் நெரிசல், பார்க்கிங், ரிவர்ஸ் எல்லாமே இந்த ஊர்தலில்தான் நடக்கின்றன. டீசல் வண்டி ஆக்சிலேட்டர் இல்லாமலே சுலபமாக நகரும். சிறிய பெட்ரோல் வண்டியில் கால் இன்னும் நிதானமாக இருக்க வேண்டும்.

அடுத்தது, சாலையில் வண்டியை எங்கே வைப்பது. பைக் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது கூடுதல் சிரமம். பைக்கில் நாம் வண்டியின் நடுவில் இருக்கிறோம். காரில் வலது ஓரத்தில். பழக்கதோஷத்தில் நம் உடம்பை லேனின் நடுவில் வைத்தால், காரின் இடது பக்கம் ஓரமாகப் போகிறவர்களை உரசப் பார்க்கும். மாஸ்டர் அடிக்கடி ஸ்டீயரிங்கை வலது பக்கம் தட்டிவிடுவது இதனால்தான்.

இதற்கு ஒரு வழி உண்டு. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு ஒன்று போட்டு, வெளியே ஒருவரை நிற்கவைத்து, இடது டயர்கள் இரண்டும் கோட்டின் மேல் வரும்படி வண்டியை நேராக நிறுத்துங்கள். சீட்டில் இருந்தபடி பார்த்தால் அந்தக் கோடு பானெட்டில் எங்கே வந்து முட்டுகிறது? பல கார்களில் ஏறக்குறைய நடுவில். முதல்முறை பார்க்கும்போது நம்பவே முடியாது, இறங்கிப் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். சாலையோரக் கோடு அந்தப் புள்ளிக்கு வந்தால் இடது டயர் ஓரத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் ஓடும்போது பானெட்டையே பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. கண் கிட்டத்தில் இருந்தால் கை ஓயாமல் திருத்தும், வண்டி பாம்பு போல நெளியும். பார்வையைத் தூரத்தில் வையுங்கள், வண்டி தானாக நேராகும்.

சந்துக்குள் திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரத்தைவிட உள்வாங்கி வரும். அதனால் இடது பக்கம் திரும்ப வேண்டுமானால் முனையைக் கொஞ்சம் தாண்டிய பிறகே ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும். ரிவர்ஸில் வண்டியின் வால் எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கம் திருப்புங்கள். அப்போது மூக்கு எதிர்ப்பக்கம் வீசும், அங்கேதான் பலர் இடிக்கிறார்கள்.

டெஸ்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) வாங்கி 30 நாள் கழித்துத்தான் போக முடியும், அது 6 மாதம் செல்லும், ஆகவே அவசரம் வேண்டாம். கண்ணாடியைச் சரிசெய்வது, பெல்ட், இன்டிகேட்டர், ரிவர்ஸ் எல்லாம் பார்ப்பார்கள். பதற்றத்தில் முதலில் மறப்பது பெல்ட்தான்.

லைசென்ஸ் வந்து சொந்தக் காரில் உட்காரும்போது, சீட் உயரமும் பானெட்டும் வேறாக இருக்கும். பழைய புள்ளியை நம்பாமல், கோட்டோரம் ஒருமுறை நிறுத்திப் புதிதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் வேறு யாராவது சீட்டை ஏற்றி இறக்கினாலும் இதே கதைதான்.